விசிறி வாங்கும் முன் காதைத் தீட்டுங்கள்

"கம்ப்யூட்டருக்குச் சத்தமே இல்லாத விசிறி எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மடிப்பாக்கத்தில் வீட்டு அறையிலேயே கதைகளைப் படித்து ஒலிப்பதிவு செய்வதாகவும், நான்கு ஆண்டு பழைய கணினியின் இரைச்சல் ஒவ்வொரு பதிவின் அடியிலும் ஓடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் சிஎஃப்எம் (விசிறி நிமிடத்துக்குத் தள்ளும் காற்று, கன அடியில்) அதிகமுள்ளதை வாங்கச் சொன்னார், அடுத்த கடைக்காரர் டெசிபல் (சத்தத்தின் அளவு) குறைந்ததை வாங்கச் சொன்னார், யாரை நம்புவது என்பது உங்கள் குழப்பம். இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் உங்களுக்குத் தேவைப்படுவது மைக்கில் விழாத ஒரு கணினி. அதற்குப் புது விசிறி வேண்டியிருக்கலாம், ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமலும் முடிந்துவிடலாம்.

நான் ஆறு ஆண்டுகள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆலைகளுக்கான ஊதுவிசிறிகளைச் சமநிலைப்படுத்தும் வேலையில் இருந்தேன். அதன்பின் பதினேழு ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கிறேன். ஆளுயர விசிறிக்கும் உள்ளங்கை அளவு விசிறிக்கும் காற்றின் கணக்கு ஒன்றுதான் என்பதால் பழைய தொழில் புதிய தொழிலில் கைகொடுக்கிறது. உங்கள் கேபினட்டை, அதாவது கணினியின் பெட்டியை, நான் பார்க்கவில்லை, ஆகையால் கீழே சொல்வதில் வரிசைமுறை என் ஊகம். காரணங்கள் மட்டும் ஊகம் அல்ல.

முதலில் சத்தம் போடுவது யார் என்று கண்டுபிடியுங்கள். திருவான்மியூரிலிருந்து ஒருவர் வந்தார். மூன்று விசிறிகளையும் மாற்றிவிட்டார், அதுவும் விலை உயர்ந்தவை. ஆனாலும் "ம்ம்ம்" என்ற முனகல் நிற்கவில்லை. மேசைமேல் வைத்துக் காது கொடுத்தேன். முனகியது ஹார்டு டிஸ்க். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டு, நொடிக்கு 120 சுற்று. அந்த அதிர்வெண்ணில்தான் அது முனகும். மெல்லிய தகரக் கேபினட் அந்த முனகலைத் தம்பூராக் குடம்போலப் பெருக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. டிஸ்க்கைக் கழற்றி ஒரு பஞ்சுத் துண்டின்மேல் வைத்ததும் அறையே அமைதியானது. அந்த மனிதரின் முகத்தை இப்போதும் மறக்க முடியவில்லை.

எனவே இன்றிரவு, தெரு அடங்கிய பிறகு, சீலிங் ஃபேனையும் ஏசியையும் அணைத்துவிட்டுக் கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றுங்கள். ஒரு செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு விசிறிக்கு அருகிலும் வைத்துக் கேளுங்கள். மருத்துவரின் ஸ்டெதஸ்கோப்புக்கு ஏழை உறவுக்காரர் அது, ஆனால் வேலை செய்யும். சந்தேகம் இருந்தால் கேபினட் விசிறியின் நடுக் குமிழில் (இறக்கையில் அல்ல) விரல் நுனியை மெல்ல வைத்து இரண்டு மூன்று நொடி நிறுத்திப் பாருங்கள். நின்றதும் எந்தச் சத்தம் மறைகிறது என்பது உடனே தெரியும். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் மட்டும் விரலோ குச்சியோ எதையும் நுழைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் ஆளைத் தாக்கும் மின்னழுத்தம் தேங்கியிருக்கும்.

கேட்கும்போது சத்தத்தின் குணத்தையும் கவனியுங்கள். "ஸ்ஸ்" என்று காற்று பாயும் ஓசை என்றால் வேகம் அதிகம். "கடகட" அல்லது "கிர்ர்" என்றால் பேரிங் (விசிறியின் அச்சைத் தாங்கும் பாகம்) தேய்ந்துவிட்டது, அல்லது ஏதோ ஒரு கம்பி இறக்கையில் உரசுகிறது. ஒரே சுருதியில் "ஊம்" என்றால் இறக்கைகள் ஏதோ தடுப்பின் எதிரில் ஓடுகின்றன, அல்லது தகரம் அதிர்கிறது. கொசு பாடுவதுபோல் மிக உயர்ந்த சுருதியில் வந்து, திரையில் பக்கத்தை நகர்த்தும்போது மாறினால் அது கிராபிக்ஸ் கார்டிலோ எஸ்எம்பிஎஸ்ஸிலோ இருக்கும் செப்புச் சுருளின் ஓசை. உலகின் சிறந்த விசிறியாலும் அதைத் தீர்க்க முடியாது.

குற்றவாளி விசிறிதான் என்று உறுதியானால், அது ஏன் அத்தனை வேகமாக ஓடுகிறது என்பதே அடுத்த கேள்வி. நான்கு ஆண்டுக் கணினியில் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: தூசு, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் (ப்ராசசரின் வெப்பத்தைக் குளிர்விப்பானுக்குக் கடத்தும் பசை). அதிலும் மடிப்பாக்கத்தில் மெட்ரோ ரயில் வேலை தொடங்கிய பிறகு தூசைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ப்ராசசரின் அலுமினியத் தகடுகளுக்கு இடையே அது கம்பளிபோல் படிந்திருக்கும். வெளியே எடுத்து ஊதுகருவியால் ஊதுங்கள்; ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது தன் அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்று பேரிங் கெடும். இன்டெல் ப்ராசசரோடு வரும் குளிர்விப்பானாக இருந்தால் அதன் நான்கு பிளாஸ்டிக் கால்களையும் மதர்போர்டின் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரு கால் நழுவியிருந்தாலும் அது ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், வெப்பம் ஏறும், விசிறி அலறும். என்னிடம் "விசிறி மாற்ற வேண்டும்" என்று வருபவற்றில் கணிசமானவை இந்த நான்கு கால்களிலும் ஒரு துளி பேஸ்டிலும் முடிந்துவிடுகின்றன.

இப்போது வேகத்தின் கணக்குக்கு வருகிறேன். ஊதுவிசிறிக் கூடத்தில் சேர்ந்த முதல் வாரமே மனப்பாடம் செய்ய வைத்தார்கள்: விசிறி தள்ளும் காற்றின் அளவு வேகத்தோடு நேராக மாறும், அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக மாறும், உண்ணும் மின்சாரம் கனமாக மாறும். சத்தமோ இவை எல்லாவற்றையும்விடச் செங்குத்தாக ஏறி இறங்கும். வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே மனிதக் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் தோன்றும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், 15 எவ்வளவு பெரிய லாபம் என்பது விளங்கும். ஒரே மாதிரியான இன்னொரு விசிறியைச் சேர்ப்பதால் கூடுவது வெறும் 3 டெசிபல். ஆகவே ஒரு விசிறி முழு வேகத்தில் தள்ளும் அதே காற்றை இரண்டு விசிறிகளைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுத் தள்ளினால், கணக்குப்படி 12 டெசிபல் மிச்சம். சத்தம் குறைக்கும் வித்தையின் பெரும்பகுதி இந்த ஒரு கணக்கில்தான் அடங்கியிருக்கிறது. ஆனால் இந்த விதி காற்றின் ஓசைக்கு மட்டுமே. நிமிடத்துக்கு 500, 600 சுற்றுக்குக் கீழே போனால் காற்றின் ஓசை அடங்கி, மோட்டாரின் டிக்டிக்கும் பேரிங்கின் முணுமுணுப்பும் மேலெழும். மலிவு விசிறிக்கும் நல்ல விசிறிக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் வெளிப்படும்.

பெரிய விசிறி நல்லது என்பதும் இதே காரணத்தால்தான். 80 மி.மீ. விசிறி அலறிக்கொண்டு தள்ளும் காற்றை 120 மி.மீ. விசிறி நிதானமாகத் தள்ளும், 140 இன்னும் நிதானமாக. கேபினட்டில் 140-க்குத் துளை இருந்தால் யோசிக்காமல் 140 போடுங்கள். ஆனால் வாங்கும் முன் அளவுகோலால் அளந்துவிடுங்கள். 120 விசிறியின் திருகு துளைகளுக்கு இடையே 105 மி.மீ. இருக்கும். "அண்ணே, மாட்டவே மாட்டேங்குது" என்று திரும்பி வருபவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பற்றி. உங்கள் இரண்டு கடைக்காரர்களும் சறுக்கியது இங்கேதான். உதாரணமாக, ஆர்க்டிக் பி12 விசிறியின் விவரத்தில் 56.3 சிஎஃப்எம் என்றும், அழுத்தம் 2.2 மி.மீ. நீர்மட்டம் என்றும் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் எண், எதிரில் எந்தத் தடையும் இல்லாமல் வெட்டவெளியில் ஓடும்போது அளந்தது. இரண்டாவது, வாயை முழுதாக அடைத்துக் காற்றே போகாதபோது அளந்தது. உங்கள் கேபினட்டில் விசிறி இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே எங்கோ நிற்கும். முன்பக்கம் தூசு வலை, வலைக்கு முன் பிளாஸ்டிக் முகப்பு என்றால் அழுத்தம் அதிகமுள்ள விசிறி வேண்டும். பின்பக்கம் காற்றை வெளியே விடும் இடத்தில் அவ்வளவு தேவையில்லை. சிஎஃப்எம் மட்டும் பெரிதாக இருக்கும் விசிறி, வலைக்கு எதிரே மூச்சுத் திணறிச் சத்தம் மட்டும் போடும்.

டெசிபல் எண்ணோ இன்னும் வழுக்கல். கணினிக் கருவிகளின் சத்தத்தை அளக்க ஐஎஸ்ஓ 7779 என்ற தரநெறி இருக்கிறது. ஆனால் பெட்டியில் அச்சிடும் எல்லோரும் ஒரே தூரத்தில், ஒரே முறையில் அளப்பதில்லை. அளவு எடுப்பதும் அமைதியான கூடத்தில், விசிறியைத் தனியாகத் தொங்கவிட்டு. உங்கள் தகரக் கேபினட்டில் திருகி, வலைக்குப் பின்னால் வைத்து அல்ல. எனவே ஒரே நிறுவனத்தின் இரண்டு விசிறிகளை ஒப்பிட அந்த எண் உதவும், இரண்டு நிறுவனங்களை ஒப்பிட உதவாது. அதோடு அது முழு வேகத்துக்கான எண். 2,000 சுற்று விசிறியில் 22.6 என்றும் 1,000 சுற்று விசிறியில் 18 என்றும் போட்டிருந்தால் இரண்டாவதே அமைதி என்று எண்ணத் தோன்றும். முதலாவதை 1,000-க்கு இறக்கி ஓட்டினால் கதையே மாறிவிடும்.

பேரிங் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஸ்லீவ் பேரிங் புதிதில் அமைதியாகவே இருக்கும். உள்ளே இருக்கும் எண்ணெய் சூட்டில் வற்றத் தொடங்கியதும் கிரகிரக்கும். படுக்கை வசத்தில் பொருத்தினால் இன்னும் சீக்கிரம். நம் ஊர் வெயிலுக்கு அது தோதானதல்ல. பால் பேரிங் சூட்டைத் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும், ஆனால் மெல்லிய உருளல் ஓசை முதல் நாளிலிருந்தே இருக்கும். ஒலிப்பதிவு அறைக்கு வேண்டாம். ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் என்று தெளிவாகப் போட்டிருப்பதை வாங்குங்கள். ஹைட்ராலிக் பேரிங் என்ற பெயரில் வரும் பலவும் எண்ணெயைச் சற்றுக் கெட்டியாக அடைத்து வைத்த ஸ்லீவ் பேரிங்தான். இடையில் ஒன்று: கிரகிரக்கும் பழைய விசிறியில் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. விடாதீர்கள், நாளடைவில் அது பிசினாகிவிடும். தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில மாதம் தள்ளும், அதுவும் புது விசிறி வரும்வரை ஒப்பேற்றத்தான்.

இணைப்பில் நான்கு ஊசி உள்ள விசிறியாக வாங்குங்கள். நான்காவது கம்பி வழியாக மதர்போர்டு வேகத்தைக் கட்டளையிடும். மூன்று ஊசி விசிறியை மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் மெதுவாக்க முடியும். பல விசிறிகள் 5 வோல்ட்டுக்குக் கீழே புறப்படவே திணறும். வண்ண விளக்குகளோடு மலிவாக வரும் கேபினட்டுகளில் விசிறிகளை நேராக எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய பிளக்கில் மாட்டியிருப்பார்கள். அவை எப்போதும் ஒரே வேகத்தில், முழு வேகத்தில் ஓடும். உங்களுடையது அப்படி இருந்தால் உங்கள் இரைச்சலின் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது.

இப்போது சென்னை. வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் அவர்கள் அறை 20, 22 டிகிரி. நம் அறை ஏசி இல்லாமல் அக்னி நட்சத்திரத்தில் 36-ஐத் தொடும். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரியே பதிவானது. அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ, ஏறத்தாழ அத்தனை டிகிரி ப்ராசசரும் ஏறும். எந்த விசிறியாலும் அறையைவிடக் குளிர்ந்த காற்றைக் கொடுக்க முடியாது. இதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். மொத்தம் 250 வாட் வெப்பம் உமிழும் கணினியின் வழியே உண்மையாகவே 40 சிஎஃப்எம் காற்று போனால், உள்ளே வரும் காற்றைவிட வெளியேறும் காற்று சுமார் 11 டிகிரி சூடாக இருக்கும். காற்றை இரண்டு மடங்காக்கினால் அந்த 11 சுமார் 6 ஆகக் குறையும். 5 டிகிரிக்காக எவ்வளவு சத்தத்தை ஏற்றுக்கொள்கிறோம் பாருங்கள்! நீங்களோ ஒலிப்பதிவு செய்கிறீர்கள். அந்த நேரத்தில் கணினி ஏறக்குறையச் சும்மா இருக்கிறது. 250 வாட்டில் நான்கில் ஒரு பங்குகூட வராது. 600 சுற்றில் ஓடும் மூன்று விசிறிகள் அதற்குத் தாராளம்.

ஆகவே புது விசிறிக்கு முன், பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) நுழைந்து, எந்த வெப்பத்தில் எவ்வளவு வேகம் என்று சொல்லும் விசிறியின் வேகக் கோட்டை மாற்றுங்கள். ப்ராசசர் 60 டிகிரி வரை விசிறி மூன்றில் ஒரு பங்கு வேகத்திலேயே இருக்கட்டும். 75-இல் பாதியைத் தாண்டட்டும். 85-க்கு மேல் முழு வேகம். இன்றைய ப்ராசசர்கள் 95, 100 டிகிரி அருகே போனால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு தற்காத்துக்கொள்ளும், ஆகையால் 70-ஐப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. வேகம் ஏறுவதற்கான தாமதம் என்று ஓர் அமைப்பு பல மதர்போர்டுகளில் இருக்கிறது. அதை நான்கைந்து நொடிக்கு வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் விசிறி பெருமூச்சு விட்டு அடங்கும். சீரான ஓசையைக் காது மறந்துவிடும், ஏறி இறங்கும் ஓசையை மறக்காது. பதிவில் அதை நீக்குவதும் கடினம். ஏதோ ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கேபினட் ரீங்கரித்தால் அந்த வேகத்தில் விசிறி நிற்காதபடி கோட்டை மேலோ கீழோ நகர்த்துங்கள். இதையெல்லாம் இப்போது செய்தாலும், மே மாதம் ஒரு பிற்பகலில் மறுபடி வெப்பநிலையைப் பார்த்துவிடுங்கள். மார்கழியில் போட்ட கோடு கத்திரியில் செல்லாது.

இத்தனைக்கும் பிறகு விசிறி வாங்கத்தான் வேண்டுமென்றால், முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று போதும். உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் தூசு வலை வழியாக மட்டுமே காற்று நுழையும், இடுக்குகளில் தூசு ஏறாது. நாக்டுவாவின் என்எஃப்-ஏ12எக்ஸ்25 விசிறி 2018-இல் வந்தது; இறக்கை முனைக்கும் சட்டத்துக்கும் இடையே அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. ஆந்தைச் சின்னம், பலருக்குப் பிடிக்காத பழுப்பு நிறம். குறைந்த வேகத்தில் அது தரும் அமைதிக்குக் காசு கொடுக்கலாம், கையில் காசு இருந்தால். ஆர்க்டிக் பி12 அதன் விலையில் ஒரு சிறு பகுதிதான், ஐந்து விசிறிகள் கொண்ட கட்டாகவும் வருகிறது. 700 சுற்றில், ஒரு மீட்டர் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டையும் என் காதால் எப்போதும் பிரித்துச் சொல்ல முடியும் என்று சத்தியம் செய்யமாட்டேன். உங்கள் மைக் ஒருவேளை சொல்லும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மலிவான மூன்றை வாங்கி, ப்ராசசரின் மேல் மட்டும் நல்ல குளிர்விப்பான் ஒன்றைப் போடுவேன். பெரிய உலோகக் கோபுரமாக இருந்தால் விசிறிக்கு வேலையே குறைவு.

திருகுக்குப் பதிலாக விசிறியைப் பிடிக்கும் ரப்பர் ஆணிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மெல்லிய தகரக் கேபினட்டில் பலன் உண்டு, கனமான கேபினட்டில் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. சிலர் அடித்துச் சொல்வார்கள், அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் கேபினட்டின் துளையிட்ட தகரம் விசிறியின் காற்றை இழுக்கும் பக்கத்தில் ஒட்டியிருந்தால் அது நிச்சயமாகச் சத்தம் தரும். தகரத்துக்கும் விசிறிக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி கொடுக்க முடிந்தால் கொடுங்கள்.

கடைசியாக, காசில்லாத வைத்தியம். கேபினட்டை மேசைமேலிருந்து இறக்கி, மைக்கிலிருந்து இப்போதிருக்கும் தூரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். திறந்தவெளியில் அதனால் 6 டெசிபல் குறையும், சுவர்கள் எதிரொலிக்கும் அறையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக. உங்கள் மைக் ஒரு பக்கம் மட்டும் கேட்கும் கார்டியாய்டு வகை என்றால் அதன் முதுகு கணினியைப் பார்த்திருக்கட்டும். மரப்பெட்டிக்குள் மட்டும் கணினியை அடைத்துவிடாதீர்கள். சூடு ஏறி, விசிறி அலறி, முதலில் இருந்ததைவிட மோசமாகும். குழாய் வைத்துக் கேட்டதில் எது கத்தியது என்று எழுதுங்கள். ஹார்டு டிஸ்க் என்றால் விசிறிக்கு எடுத்து வைத்த பணத்தில், சுழலும் தட்டே இல்லாத ஓர் எஸ்எஸ்டி வாங்கிவிடலாம்.